பள்ளிக்குப் பின்னரும் வாழ்வு

அறிவு வளர்ச்சிக் குறையுடைய குழந்தையைக் கண்டு இரங்குவோர் பலர். அக்குழந்தையும் ஒருநாள் பெரியவராகும் என்பதை எண்ணுவோர் சிலரே. பள்ளி முடிந்தபின் அவர் எங்குச் செல்வார்? பெற்றோர் முதுமை எய்தியபின் அவருக்குத் துணை யார்?

தொலைவில் உள்ள இல்லத்தில் சேர்ப்பதினும், வாழும் ஊரிலேயே பயிற்சி அளிப்பது நன்று என்னும் கொள்கை மலேசியாவில் 1984ஆம் ஆண்டு வடிவம் பெற்றது. திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூகஞ்சார் மறுவாழ்வுத் திட்டம் பின்னர் நாடெங்கும் பரவியது.

பினாங்கில் 1996இல் உருவான ஆசிய சமூகச் சேவை அமைப்பு, குழந்தைகளோடு நின்றுவிடவில்லை. ஜார்ஜ் டவுனுக்குக் குன்றுகளுக்கு அப்பாலுள்ள பாலிக் புலாவில், பெரியவர்களுக்கெனத் தொழிற்கூடம் அமைத்தது. அங்கு நெய்யப்படும் 'சவோரி' ஜப்பானில் தோன்றிய நெசவு. இழை விலகினால் அதனைப் பிழையென அந்நெசவு கொள்வதில்லை. நெய்தவரின் தனித்தன்மையென்றே போற்றும். குறையுடையோரைச் சமூகம் நோக்க வேண்டிய முறையும் அதுவேயன்றோ?

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் இயற்றப்பெற்றது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்புறுதி செய்தது. சமூகத்தின் நடுவே வாழ்தல் உரிமை என்கிறது அதன் 19ஆம் விதி. ஆயினும், மீறுவோரைத் தண்டிக்கும் பிரிவு 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. உரிமை ஏட்டில் உள்ளது. அதற்கு உயிரூட்டுவது ஊராரின் கடமை.

சிறப்புக் கல்வி மாணவன் விடைபெறும் நாளில், அவனுடைய மறுநாளைப் பற்றியும் ஆசிரியர் வினவுவாராக.