நிலநடுக்கமும் தீண்டாமையும்: 1934ஆம் ஆண்டின் ஒரு விவாதம்

1934ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணியளவில் வட பீகாரும் நேபாளமும் பெரும் நிலநடுக்கத்தால் குலுங்கின. முங்கேர், முசாபர்பூர், தர்பங்கா ஆகிய நகரங்கள் இடிபாடுகளாயின. பீகாரில் மட்டும் 7,000 பேருக்கு மேல் மாண்டனர். நேபாளத்தில் மாண்டோர் 8,000க்கும் அதிகம். வயல்களில் நிலம் பிளந்து நீரும் மணலும் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. கூலி வேலையை நம்பி வாழ்ந்த ஏழை உழவனுக்கு அது வீட்டோடு பிழைப்பையும் பறித்த பேரிடராகும்.

அவ்வேளையில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக நாடு தழுவிய சுற்றுப்பயணம் மேற்கொண்டிருந்தார். 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கிய அப்பயணம் அப்போது தமிழ்நாட்டை அடைந்திருந்தது. நிலநடுக்கம் நிகழ்ந்த ஒன்பதாம் நாள், சனவரி 24இல், திருநெல்வேலியில் உரையாற்றிய அவர், தீண்டாமை என்னும் பாவத்திற்காக இறைவன் அளித்த தண்டனையே பீகார் நிலநடுக்கம் எனத் தாம் நம்புவதாகக் கூறினார்.

அப்பேச்சு ஒலித்த மண் நம்முடையது. யாருடைய விடுதலையை முன்னிட்டு அது பேசப்பட்டதோ அவர்கள் நம் முன்னோர். ஆதலின் அதனைத் தொடர்ந்து எழுந்த விவாதத்தை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்று கருதுகிறோம்.

முதலில் மறுத்தவர் மகாகவி இரவீந்திரநாத் தாகூர். அவர் தீண்டாமையை ஆதரித்தவரல்லர். காந்தியடிகளிடம் பெருமதிப்புக் கொண்டவர். 1932இல் எரவாடா சிறையில் அடிகள் உண்ணாநோன்பை முடித்தபோது உடனிருந்தவர். (அந்த நோன்பினால் நாம் தனித்தொகுதி உரிமையை இழந்த வரலாறு வேறு, அதனை இங்கு விரிக்கவில்லை.) இயற்கை நிகழ்ச்சிகளுக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு, மனிதரின் ஒழுக்கத்தோடு அவற்றை முடிச்சிடலாகாது என்று தாகூர் எழுதினார். அறிவியலுக்கு ஒவ்வாத இத்தகைய கருத்தை நம் நாட்டு மக்களில் பெரும்பாலோர் எளிதில் ஏற்றுக்கொள்வர் என்பதே அவருடைய கவலை. இவ்வகை வாதம் அடிகளைவிட அவருடைய எதிரிகளுக்கே நன்கு பொருந்தும் என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

அம்மறுப்பைக் காந்தியடிகள் மறைக்கவில்லை. பிப்ரவரி 16ஆம் நாள் 'ஹரிஜன்' இதழில் வெளியிட்டு, உடன் தம் விடையையும் எழுதினார். இந்த நேர்மையைப் பாராட்டவே வேண்டும். ஆனால் அவர் அளித்த விடை நமக்கு உடன்பாடன்று. தம் நம்பிக்கையை மெய்ப்பிக்க இயலாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அது தவறாயினும் தீங்கில்லை. தீண்டாமை பாவம் என்பதால், அந்நம்பிக்கை தம்மையும் தம்மைப்போல் நம்புவோரையும் மேலும் முனைந்து உழைக்கத் தூண்டியிருக்கும் என்றார். பயன் நல்லதானால் காரணம் மெய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை என்றல்லவா இது ஆகிறது!

பண்டித நேரு தம் சுயசரிதையில் இதனைக் கண்டு திகைத்ததாகக் குறித்துள்ளார். நிலநடுக்கம் தண்டனையென்றால் எந்தப் பாவத்திற்கான தண்டனை என்று யார் முடிவு செய்வது? சட்டமறுப்பு இயக்கத்தில் முன்னின்ற பீகாருக்குக் கிடைத்த தண்டனை இது என்று ஆங்கில அரசும் கூறலாமே என்பது அவர் எழுப்பிய ஐயம். அவ்வாறே சனாதனிகளும் கூறலாம். ஆலய நுழைவுக் கிளர்ச்சியே தெய்வத்தின் சினத்திற்குக் காரணம் எனலாம். இது வெறும் கற்பனையன்று. 2018இல் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, சபரிமலையில் பெண்கள் நுழைய உரிமை கேட்டதே அதற்குக் காரணம் என்று பேசினோர் உண்டு. எண்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வாதம், எதிர்த்தரப்பின் வாயில்.

நமக்கோ இவ்வாதத்தில் இன்னும் ஆழமான ஆபத்து இருக்கிறது. துன்புறுகிறவன் பாவம் செய்தவன் என்பது நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த சொல். சேரியில் பிறந்தது முற்பிறவிப் பாவத்தின் விளைவு என்றுதானே நம் பாட்டன்மாருக்கு உபதேசிக்கப்பட்டது? நிலநடுக்கம் பாவத்தின் சம்பளம் என்று இன்று நாம் கைதட்டி ஏற்போமாயின், நம் பிறப்பும் பாவத்தின் சம்பளமே என்பதை எந்த வாயால் மறுப்போம்? வட பீகாரில் முசகரும் துசாதரும் சமாரும் வாழ்ந்தனர். ஆண்டையின் மாளிகை எது, அவர்களுடைய குடிசை எது என்று பார்த்து நிலம் நடுங்கவில்லை. தீண்டாமைக்கு இரையானவனையே தீண்டாமையின் பெயரால் தண்டிப்பது எந்த நீதியில் அடங்கும்? அண்ணல் அம்பேத்கர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூல் முற்பிறவி வினைக் கொள்கையைக் கடுமையாக மறுக்கிறது. ஏழையின் நிலைக்கு அரசும் சமுதாயமும் பொறுப்பேற்காமல் தப்பித்துக்கொள்ளவே அக்கொள்கை உதவுகிறது என்பது அண்ணலின் முடிவு.

இனி, அறிவியல் என்ன செய்தது எனக் காண்போம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையினர் இடிந்த ஊர்களில் சுற்றி, எங்கே நிலம் அமிழ்ந்தது, எவ்வகைக் கட்டடங்கள் வீழ்ந்தன என்று குறித்து, 1939இல் விரிவான அறிக்கை வெளியிட்டனர். அதற்கு முன்பே, 1935இல், நாட்டில் நிலநடுக்க ஆபத்து மிகுந்த பகுதிகளைக் காட்டும் முதல் வரைபடம் அத்துறையால் ஆக்கப்பட்டது. அவர்கள் கூறிய யாவும் நிலைக்கவில்லை. நிலநடுக்கத்தின் மையம் வட பீகாரே என்று அன்று கருதினர்; பிற்காலத்தில் பழைய கருவிப் பதிவுகளை மீண்டும் கணக்கிட்டவர்கள் அது கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்டுக்குத் தெற்கே இருந்ததெனக் கண்டனர். அந்நிலநடுக்கத்தால் தரையில் உண்டான பிளவின் தடம் நேபாளத்தில் கண்டறியப்பட்டதை 2013இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இந்திய நிலத்தட்டு இமயத்தின் அடியில் நெருக்கிப் புகுவதே காரணம் என்பது இன்று பள்ளிப் பிள்ளையும் அறிந்தது. தவறு கண்டவிடத்துத் திருத்திக்கொண்டார்கள். திருத்தியதைச் சான்றோடு சொன்னார்கள். அதனாலேயே நாம் அவர்களை நம்புகிறோம். பாவத்தின் கணக்கைத் திருத்துவதற்கு எந்தக் கருவியும் இல்லை.

தெய்வ அச்சம் சனாதனிகளை மாற்றியதா என்றும் கேட்கலாம். நிலநடுக்கம் கண்ட அதே பீகாரில், மூன்று திங்கள் கழித்து, ஏப்ரல் 26ஆம் நாள், தேவ்கருக்கு வந்த காந்தியடிகளின் கார் தடிகளால் தாக்கப்பட்டது. சூன் 25இல் புனேயில் வெடிகுண்டு வீசினர். மத்திய சட்டமன்றத்தில் ரங்க ஐயர் கொணர்ந்திருந்த ஆலய நுழைவு மசோதா ஆகஸ்டில் கைவிடப்பட்டது. பூமி நடுங்கியும் கோயில் கதவு அசையவில்லை.

அது அசைந்தது போராட்டத்தாலும் சட்டத்தாலுமே. 1936இல் திருவிதாங்கூர் ஆலயங்கள் திறந்தன. 1939 சூலை 8இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நம் மக்கள் நுழைந்தனர். 1948 நவம்பர் 29ஆம் நாள், அண்ணல் வரைவுக்குழுத் தலைவராக வீற்றிருக்க, அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றது. அதுவே இன்றைய 17ஆம் பிரிவு. அப்பிரிவில் பாவம் என்ற சொல் எங்கும் இல்லை. தீண்டாமையால் எழும் எவ்வகைத் தடையையும் சுமத்துவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்றே எழுதப்பட்டுள்ளது.