டென்மார்க்கில் வறுமை

டென்மார்க்கில் வறுமை என்பது, ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் வாழ்வதும், தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நிற்பதும், வருமான ஏற்றத்தாழ்வு மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்றாக எண்ணப்படுவதுமான ஒரு நாட்டில், மக்களுள் ஒரு பகுதியினர் ஆண்டுக்கணக்கில் பொருள் முட்டுப்பாட்டோடு வாழும் நிலையைக் குறிக்கும். மருத்துவமனைச் சிகிச்சையும் பள்ளிக்கல்வியும் பல்கலைக்கழகப் படிப்பும் வரிப்பணத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் இந்நாட்டில் பட்டினிச் சாவு இல்லை. ஆகவே உணவுக்கும் உடைக்குமே வழியற்ற முற்று வறுமையை விட்டு, சுற்றியுள்ளோர் இயல்பெனக் கருதும் வாழ்க்கையில் பங்குகொள்ள இயலாத நிலையாகிய சார்பு வறுமையையே ஆய்வாளர் அளக்கின்றனர். நோய், வேலையின்மை, வீட்டு வாடகை, புலம்பெயர்வு எனக் காரணங்கள் பல இருப்பினும், நாடாளுமன்றம் நிர்ணயிக்கும் உதவித்தொகையின் அளவு ஏறி இறங்குவதற்கேற்ப வறியோர் தொகையும் மாறுவதே டென்மார்க்கின் அனுபவத்தில் மிகத் தெளிவாகப் புலப்படும் உண்மையாகும்.

நாட்டு மக்களை வருமான வரிசையில் நிறுத்தினால் சரிநடுவில் நிற்பவரின் வருமானம் இடைநிலை வருமானம் எனப்படும். ஐரோப்பிய ஒன்றியம் அதில் 60 விழுக்காட்டுக்குக் கீழுள்ளோரை வறுமை அபாயத்தில் இருப்போராகக் கொள்ள, டேனிய அளவைகள் பெரும்பாலும் 50 விழுக்காட்டையே எல்லையாகக் கொள்கின்றன. 2013இல், பொருளியலாளர் டொர்பன் ட்ரானெஸ் தலைமையிலான வல்லுநர் குழுவின் பரிந்துரையை ஏற்று, டேனிய அரசு முதன்முறையாக அதிகாரபூர்வ வறுமைக்கோடு ஒன்றை வகுத்தது. அதன்படி, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இடைநிலை வருமானத்தில் பாதிக்கும் குறைவாகப் பெற்று, 1,00,000 டேனிய குரோனருக்கு மேல் சொத்தில்லாது, மாணவராகவும் இல்லாதவரே வறியவர். இரண்டே ஆண்டுகளில், 2015இல், புதிய அரசு அக்கோட்டை நீக்கியது. கோட்டை அழித்ததால் வறுமை அழியவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளைக் கண்காணிக்கும் பொறுப்பின் பேரில் டேனியப் புள்ளியியல் துறை பின்னர் ஓராண்டு வருமானத்தை அடிப்படையாகக் கொண்ட சார்பு வறுமைக் கணக்கை வெளியிடத் தொடங்கியது. 2017ஆம் ஆண்டுக்கான அக்கணக்கில் வறிய குடும்பங்களில் வாழும் குழந்தைகள் மட்டும் 60,000க்கு மேற்பட்டிருந்தனர்.

வறியோருக்கு உதவுவது அரசின் கடமை என்ற கருத்து இங்கு பழமையானது. ஆனால் அவ்வுதவிக்கு நெடுங்காலம் ஒரு விலை இருந்தது. 1849ஆம் ஆண்டு அரசியலமைப்பு பொது உதவிக்கு உரிமை அளித்தபோதே, வறியோர் நிவாரணம் பெற்றவரின் வாக்குரிமையையும் பறித்தது. அவர் திருமணம் செய்துகொள்ளவும் உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி தேவைப்பட்டது. 1891இல் முதியோருக்கு வரிப்பணத்திலிருந்து தனி உதவி வகுக்கப்பட்டதும், 1933இல் சமூக அமைச்சர் கே. கே. ஸ்டைன்கே கொண்டுவந்த பெருஞ்சீர்திருத்தமும், உதவியைக் கருணையிலிருந்து உரிமைக்கு நகர்த்தின. ஆயினும் ஏழையென்று பதிவானவரின் குடிமை உரிமை இழப்புகள் முழுதாக நீங்க 1961 வரை காத்திருக்க நேர்ந்தது. 1953ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 75ஆம் பிரிவு, தன்னைத் தானே பேண இயலாதவராகவும் வேறொருவரின் பராமரிப்பில் இல்லாதவராகவும் இருப்பவர் பொது உதவிக்கு உரியவர் என்கிறது. அவ்வுதவி எவ்வளவு என்பதை அது சொல்லவில்லை, பிற்காலப் பூசல்கள் யாவும் இவ்விடைவெளியில்தான் எழுந்தன.

இன்றைய ஏற்பாட்டின் அடிப்படையில் இரண்டு அடுக்குகள் உள்ளன. சந்தா செலுத்தி வேலையின்மைக் காப்பு நிதியில் உறுப்பினரானவர் வேலையிழந்தால் ஓரளவு தாராளமான தொகை பெறுவார். 2010இல் அதன் கால எல்லை நான்கு ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. உறுப்பினரல்லாதவரும் கால எல்லையைக் கடந்தவரும் நாட வேண்டியது நகராட்சி வழங்கும் ரொக்க உதவி. சேமிப்பு வைத்திருப்பவர் அதைக் கரைத்த பின்னரே இதைப் பெறலாம். கணவன் அல்லது மனைவியின் சம்பாத்தியம் இதிலிருந்து கழிக்கப்படும். சேமிப்புக் கரைந்தபின் பழுதடையும் சலவை இயந்திரமோ குழந்தையின் குளிர்காலக் காலணியோ அக்குடும்பத்துக்கு ஒரு நெருக்கடியாகவே வந்து சேர்கிறது.

ரொக்க உதவிக்கும் கீழே மூன்றாவது அடுக்கு ஒன்று 2002இல் உருவானது. பிரதமர் ஆண்டர்ஸ் ஃபோ ராஸ்முசெனின் அரசு, முந்தைய எட்டு ஆண்டுகளில் ஏழு ஆண்டுகள் நாட்டில் வாழாதவருக்குத் ‘தொடக்க உதவி’ என்ற குறைந்த தொகையை அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது. சட்டத்தின் சொற்கள் பொதுவானவை எனினும் அது தாக்கியது பெரும்பாலும் அகதிகளையே. குறைந்த தொகை வேலை தேடத் தூண்டும் என்பது அரசின் வாதம். அந்த ஜூலை 1க்குச் சற்று முன்னும் பின்னும் வதிவிட உரிமை பெற்ற அகதிகளை ஒப்பிட்டு லார்ஸ் ஹொய்ஸ்கோர் ஆண்டர்சன், கிறிஸ்டியன் டஸ்ட்மன், ராஸ்மஸ் லாண்டர்சோ ஆகியோர் செய்த ஆய்வு, இவ்வாதத்தைச் சோதிக்கக் கிடைத்த அரிய வாய்ப்பாயிற்று. குடும்பங்களின் வருமானம் ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது. தொடக்க ஆண்டுகளில் வேலைவாய்ப்பு உயர்ந்தது உண்மையே, ஆனால் அவ்வுயர்வு சில ஆண்டுகளில் கரைந்துபோயிற்று. பெண்களில் பலர் உழைப்புச் சந்தையை விட்டே விலகினர். கடைகளில் நடக்கும் சிறு திருட்டு கூடியது. சிறு குழந்தைகள் மழலையர் பள்ளிக்குச் செல்வதும் மொழித்தேர்வுகளில் அவர்கள் பெற்ற மதிப்பெண்ணும் குறைந்தன. பதின்ம வயதினரின் கல்விக்காலம் சுருங்கியது. கருவூலம் மிச்சப்படுத்திய பணத்தின் விலையை, நாட்டுக்கு வருவது என்ற முடிவில் எந்தப் பங்கும் இல்லாத பிள்ளைகள் செலுத்தினர்.

தொடக்க உதவி 2012இல் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் உச்சநீதிமன்றம், 75ஆம் பிரிவு உயிர்வாழ்வதற்கான குறைந்தபட்சத்தையே உறுதிசெய்கிறது என்றும், தொடக்க உதவி அதை மீறவில்லை என்றும் தீர்ப்பளித்தது. நீதிமன்றத் தடையேதும் இல்லாத நிலையில், 2015இல் ‘ஒருங்கிணைப்பு உதவி’ என்ற பெயரில் அதே எண்ணம் திரும்பி வந்தது. 2016இல் உதவிகளின் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. மேற்சொன்ன 2017ஆம் ஆண்டுக் குழந்தைகள் கணக்கை இவ்விரு மாற்றங்களோடும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தமிழருக்கு இவ்வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர், ஹெர்னிங், பிராண்ட முதலிய யூட்லாந்து தீபகற்ப ஊர்களில் குடியமர்ந்தனர். இவ்விரு ஊர்களிலும் இன்று அவர்கள் எழுப்பிய கோயில்கள் உள்ளன. அவர்களுடைய குடும்பத்தாரின் வருகை விண்ணப்பங்களை 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் சட்டத்துக்குப் புறம்பாக நிறுத்திவைத்ததால், 1993இல் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் நின்-ஹான்சன் தண்டிக்கப்பட்டார். மனைவி மக்களைப் பிரித்துவைத்த அக்கொடுமை ஒருபுறமிருக்க, அகதிக்கெனத் தனியே குறைக்கப்பட்ட உதவித்தொகை அக்காலத்தில் இல்லை. அகதிக் குழுக்களுள் வேலையில் இருப்போர் விகிதம் மிகுந்தவர்களாக இலங்கைத் தமிழர் பின்னாளில் விளங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும், தொகையைக் குறைத்தால்தான் அகதி உழைப்பான் என்ற கருத்துக்கு அவர்கள் வாழ்க்கை சான்றளிக்கவில்லை.

வறுமை குடியேறியவர்களோடு நின்றுவிடுவதில்லை. கப்பல் கட்டும் தளம் 1980களில் மூடப்பட்ட நாக்ஸ்கவ் நகரம் அமைந்த லோலண்ட் தீவில், இளைஞர் படிப்புக்கும் வேலைக்கும் வெளியேற, மலிந்த வீடுகளைத் தேடி வேலையற்றோரும் நோயாளிகளும் வந்து சேர, வறுமை ஓரிடத்தில் தேங்கிவிட்டது. அங்குள்ளோரின் சராசரி ஆயுள் தலைநகரை ஒட்டிய செல்வ நகராட்சிகளில் வாழ்வோரின் ஆயுளை விடப் பல ஆண்டுகள் குறைவு. கோபன்ஹேகனில் சிக்கல் நேர்மாறானது: வேலை உண்டு, ஆனால் எளியோர் தாங்கக்கூடிய வாடகையில் வீடு அரிது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 5,789 பேர் வீடற்றோராகப் பதிவாயினர். இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மனநோயாளிகள்; மக்கள்தொகையில் மிகச் சிறுபான்மையினரான கிரீன்லாந்தினர், டேனியக் குடியுரிமை கொண்டவராயிருந்தும், இக்கூட்டத்தில் தம் விகிதத்தைப் பன்மடங்கு மீறிக் காணப்படுகின்றனர்.

வறுமையின் விளைவுகளுள் முதலில் முகத்தில் தெரிவது பல். மருத்துவமனை இலவசமாயினும் வயதுவந்தோரின் பல் சிகிச்சைக்குப் பெரும்பகுதியை அவரவரே செலுத்த வேண்டியிருப்பதால், வசதியற்றோர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுப் பல்லை இழக்கின்றனர், பல்லிழந்த முகத்தோடு வேலைக்கான நேர்காணலுக்குச் செல்லவும் தயங்குகின்றனர். குழந்தைகளிடம் அது விலகலாக வெளிப்படுகிறது: வகுப்புத் தோழனின் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்க இயலாத பிள்ளை உடல்நலமில்லை என்று சொல்லி வீட்டில் இருந்துவிடும், கால்பந்துக் கழகச் சந்தா நின்றுபோகும். தெருவில் அது பெரிய பைகளோடு குப்பைத்தொட்டிகளைத் துழாவுவோராகத் தெரிகிறது. அவர்கள் தேடும் காலிப் புட்டிகளைக் கடை இயந்திரத்தில் திருப்பித் தந்தால், அளவையும் வகையையும் பொறுத்து ஒன்றுக்கு 1 முதல் 3 குரோனர் வரை வைப்புத்தொகை கிடைக்கும். நடைபாதைக் கடைத்தெருக்களிலும் இரயில் நிலையங்களிலும் பிச்சை எடுத்தால், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாள் சிறை.

அரசு விட்ட இடத்தைத் தொண்டு அமைப்புகள் ஓரளவு நிரப்புகின்றன. 1928இல் தொடங்கிய கோஃபோட் பள்ளி வேலையற்றோருக்குப் பயிற்சியும் அன்றாட ஒழுங்கும் தருகிறது. 1996 முதல் வெளிவரும் ‘ஹூஸ் ஃபொர்பி’ இதழை வீடற்றோர் தெருவில் விற்று வருவாய் ஈட்டுகின்றனர். இரட்சணிய சேனை முதலியவை கிறிஸ்துமஸ் விருந்துக்கான உதவி கோரும் விண்ணப்பங்களை ஆண்டுதோறும் பெறுகின்றன.

2025 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் உச்சவரம்பை நீக்கி, வறிய குடும்பத்துப் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மாதந்தோறும் தனித்தொகை ஒதுக்கியது. பிள்ளைகளின் விலகலை நேரடியாகக் குறிவைத்த இவ்வேற்பாடு வரவேற்கத்தக்கது. ஆனால் கடந்த பத்தாண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் நாட்டில் வாழ்ந்திராதவருக்கும், அக்காலத்தில் இரண்டரை ஆண்டு முழுநேர வேலை பார்த்திராதவருக்கும் மிகக் குறைந்த தொகையே என்ற விதி தொடர்கிறது. 2002இல் தொடங்கிய அந்த மூன்றாவது அடுக்கு இப்போது ஒரே சட்டத்துக்குள் கடைசிப் படியாக அமைந்துள்ளது.