கோவை நகரின் காவும் காவலும்

சோலையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. கா, பொழில், தண்டலை, சோலை, தோப்பு, தோட்டம், வனம் என அவற்றை அடுக்கிச் செல்லலாம். அவற்றுள் 'கா' என்பது ஓரெழுத்தொருமொழி. காத்தல் என்னும் வினைக்கு முதனிலையாக நிற்பதும் அவ்வெழுத்தே. காக்கப்படுவது கா எனக் கொள்ளுதல் பொருளியல்புக்கு ஒத்ததாகும். பகைவேந்தர் வெட்ட முயன்றதும், உடையவர் உயிரெனப் போற்றியதுமான கடிமரத்தின் 'கடி'யும் காவலையே குறித்து நின்றது. அரணைச் சூழ்ந்த மிளையைக் காவற்காடு என்றே உரையாசிரியர் விளக்குவர். இன்று நகராட்சிப் பலகைகளில் நாம் காணும் பூங்கா என்னும் சொல்லின் ஈற்றில் நிற்பது இந்தக் காவே.

ஒரு நகரத்துப் பூங்காக்களின் வரலாற்றை, அவற்றை அமைத்தோர் பட்டியலாக எழுதிவிடுதல் எளிது. திறப்பு விழாக் கல்வெட்டுகள் அதற்குத் துணை செய்யும். ஆயின், கோயம்புத்தூர் நகரத்தை நோக்குமிடத்து, ஆக்கியவர் யார் என்பதினும், காத்தவர் யார், எவருக்காகக் காத்தனர் என்னும் வினாக்களே வரலாற்றை விளக்குவனவாக உள்ளன. அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கொங்கு நாட்டுச் சொல்வழக்கு ஒன்றைச் சுட்ட வேண்டும். பிற பகுதிகளில் தோட்டம் என்றால் பூவும் காயும் பயிராகும் இடம் என்றே பொருள்படும். கொங்கு நாட்டிலோ, கிணற்றுப் பாசனம் பெற்ற விளைநிலமே தோட்டம். மழையை நம்பிய புன்செய் நிலம் காடு. 'தோட்டத்துக்குப் போயிருக்கிறார்' என ஒரு குடியானவரைப் பற்றிக் கூறினால், அவர் பொழுது போக்கச் சென்றார் என்று எவரும் கருதார். காடு, தோட்டம் ஆகிய இருசொற்களையும் உழவே எடுத்துக்கொண்ட நாட்டில், இன்பத்துக்கென்றே நிலத்தை விட்டு வைத்தல் என்னும் எண்ணம் பிற்பட்டே வந்திருத்தல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த கோவைக்கு ஆண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 670 மில்லி மீட்டரே. நீரின் ஒவ்வொரு துளியும் பயிருக்கே எண்ணி வைக்கப்பட்டது.

இதனால் கொங்கு மக்களுக்குப் பொழுதுபோக்கே இல்லை என்பது பொருளன்று. அவர்தம் ஆடலும் பாடலும் தனித்ததொரு நிலத்தை வேண்டவில்லை, திருவிழாவை வேண்டின. கோனியம்மன் கோயில் மாசித் தேரும், உடுக்கை முழக்கத்தோடு இரவு பலவாக நீளும் அண்ணன்மார் கதையும், கும்மியும் ஊர்ப்பொதுவில் நிகழ்ந்தன. அந்நிலத்தைக் காத்தது ஊரின் வழக்கம். நொய்யலாற்றின் நீரைப் பெறும் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம் முதலிய ஏரிகளின் கரைகளும் அத்தகையனவே. இந்நூற்றாண்டில் 'திறன்மிகு நகரம்' என்னும் திட்டத்தின்கீழ் இக்கரைகளுள் சிலவற்றில் நடைபாதையும் விளக்கும் அமைத்துப் பூங்காவாக்கியுள்ளனர். பழைய பொதுவிடமே புதுப்பெயரோடு மீண்டது எனலாம். எனினும் குளத்தின் நீர்ப்பரப்பைக் குறைத்துக் கரையை அழகுசெய்தல் தகுமோ என வினவுவாரும் உளர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று.

கோவைக்கு நகராட்சி 1866-ஆம் ஆண்டில் அமைந்தது. அப்போது நீலகிரி மலை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தே இருந்தது. 1868-இல்தான் தனியே பிரிந்தது. உதகையின் அரசினர் தாவரவியற் பூங்கா 1848-இல் தொடங்கப் பெற்றதாதலின், அம்மாவட்டத்தின் முதற் பெரும் பூங்கா மலைமேல் எழுந்தது என்பது தெளிவு. ஆங்கிலேயர் தம் நாட்டு நினைவைத் தணிக்கும் குளிர்நிலத்தில் பூங்கா கண்டனர். குன்னூரின் சிம்ஸ் பூங்கா 1874-இல் எழுந்தது. சமவெளியில் சென்னை நகரம் 1859-இல் சார்லஸ் திரெவெலியன் முயற்சியால் 'மக்கள் பூங்கா' ஒன்றைப் பெற்றது. கோவை நகருக்கோ குடிநீரே பெருங்கவலையாக இருந்தது. சிறுவாணி நீர் 1929-ஆம் ஆண்டளவில் நகருக்கு வந்தது. குடத்துக்கே நீர் இல்லாத ஊரில் புல்தரைக்கு நீர் கேட்பார் யார்? 1906-இல் சைதாப்பேட்டையினின்று கோவைக்கு மாற்றப்பட்ட வேளாண்மைக் கல்லூரியை ஒட்டி வளர்ந்த தாவரத் தோட்டம் ஒரு விலக்கு. அஃது ஆராய்ச்சியைக் கருதியது.

இதற்கிடையில் ஆலைத் தொழில் பெருகியது. 1888-இல் முதல் நூற்பாலை எழுந்தது. 1932-ஐ அடுத்துப் பைக்காரா மின்னாற்றல் கிடைத்தபின் ஆலைகள் மிகுந்தன. சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்குத் திரும்பும் தொழிலாளர்க்கு ஓய்வு என்பது கடிகாரத்தால் அளக்கப்பட்ட பொருளாயிற்று. அவ்வோய்வுக்கு முதலில் விடைதந்தது பூங்கா அன்று, திரைப்படமே. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் வெரைட்டி ஹால் என்னும் கொட்டகையைக் கட்டினார். கொட்டகைக்குச் சீட்டு உண்டு, வருவாய் உண்டு. ஆகவே அதனைக் காக்க உடையவரும் உண்டு. பூங்காவுக்கோ வருவாய் இல்லை. நகராட்சிக் கணக்கில் அது செலவினம் மட்டுமே. பொழுதுபோக்கு இடங்களின் வரலாற்றில் இவ்வேறுபாடு பெரிது.

இனி, நகரத்தார்க்கு நன்கு அறிமுகமான வ.உ.சி. பூங்காவுக்கு வருவோம். வ.உ.சிதம்பரனார் 1908-ஆம் ஆண்டு முதல் 1910 முடிய அடைபட்டிருந்த நடுவண் சிறை இப்பூங்காவுக்கு அணித்தே உள்ளது. கப்பலோட்டிய அப்பெருமகனார் செக்கிழுத்தது இச்சிறையில். அவர் தொல்காப்பிய இளம்பூரணத்தின் பதிப்பில் உழைத்தவர். திருக்குறளுக்கு உரை கண்டவர். தம் வரலாற்றைச் செய்யுளாக எழுதிக் கோவைச் சிறையின் கொடுமைகளையும் அதில் பதித்தவர். சிறையில் அடைபட்டவரின் பெயர், சிறுவர் விளையாடும் இடத்துக்கு அமைந்தது பொருத்தமானதே. ஆயினும் அப்பெயரைப் பலகையில் நாள்தோறும் படிப்போருள் எத்துணைப் பேர் சாலைக்கு அப்பால் உள்ள சிறை மதிலை நினைக்கின்றனர் என்பது ஐயத்துக்குரியது.

அப்பூங்காவை ஒட்டி 1965-இல் நகராட்சி உயிரியற் பூங்கா ஒன்றை நிறுவிற்று. அதன் பரப்பு ஏறத்தாழ நாலரை ஏக்கர். அக்காலத்து நோக்கில் அது குறையாகத் தோன்றவில்லை. குழந்தைகள் மானையும் முதலையையும் பார்க்க வேண்டும், அவ்வளவே. பின்னர் 1992-இல் நடுவண் உயிரியற் பூங்கா ஆணையம் அமைந்து, விலங்குக்கு இவ்வளவு இடம் வேண்டும், மருத்துவர் வேண்டும் என விதிகள் வகுத்தது. கோவையின் பூங்கா அவ்வளவைகளுக்கு இணங்க இயலாமையின், 2022 சனவரியில் அதற்கு அளித்த ஏற்பு நீக்கப்பட்டது. விலங்குகளும் பறவைகளும் வேறிடங்களுக்குப் பெயர்ந்தன. புள்ளிமான்கள் 2024-இல் சிறுவாணி அடிவாரக் காட்டில் விடப்பட்டன. இதனை நகரத்தின் இழப்பு என்று வருந்தினோர் பலர். யாம் அவ்வாறு கருதவில்லை. அடைத்து வைத்தலும் காவல், பேணி வளர்த்தலும் காவல். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியமையே அங்கு நிகழ்ந்த பிழை.

நகரின் பெரும்பாலான பூங்காக்கள் பெயர்பெற்றவை அல்ல. வரையறுத்த பரப்புக்கு மேற்பட்ட மனைப்பிரிவை அமைப்போர், பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொதுப் பயனுக்கென உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும் என்பது விதி. கோவை மக்கள் இதனை 'ரிசர்வ் சைட்' என்பர். நகரின் உண்மையான பூங்காச் செல்வம் இத்துண்டு நிலங்களே. இவற்றை இழக்கும் முறை பெரும்பாலும் ஒரே வகையானது. வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டப்பட்டிருக்கும், பத்திரம் எழுதப்படாது. ஆண்டுகள் செல்லும். வழித்தோன்றல்கள் அதனை மனையாக்கி விற்பர். அல்லது ஒரு கொட்டகை எழும், பின் அதற்குக் கதவிலக்கமும் வரும். விழிப்புடைய குடிமக்கள் எவரேனும் பழைய வரைபடத்தைத் தேடியெடுத்து நீதிமன்றம் சென்றாலன்றி உண்மை வெளிப்படாது. 1981-இல் மாநகராட்சியான கோவை, 2011-இல் அண்டை ஊர்களைச் சேர்த்து 257 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பேரூராட்சி, ஊராட்சிக் காலத்து ஆவணங்களோடு இச்சிக்கலும் மாநகராட்சியை வந்தடைந்தது.

பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை மருத்துவமனை கட்டத் தனியார் அறக்கட்டளைக்கு அளித்தபோது அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவ்வொதுக்கீடு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. முத்தப்பா வழக்கு என வழங்கும் அத்தீர்ப்பு, திறந்தவெளி என்பது வெற்றிடம் அன்று, மக்களின் உடைமை என்னும் கருத்தை நிலைநாட்டியது. அடுத்த ஆண்டே நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம், பூங்கா, தோட்டம், விளையாட்டிடம் ஆகியவற்றை நகராட்சிகட்கு உரிய பணிகளுள் 12-ஆம் இனமாக வைத்தெண்ணிற்று. எண்ணிற்றேயன்றிப் பொருள் ஒதுக்கவில்லை.

நம் கல்வெட்டுகளைப் பயின்றோர்க்கு இவையெல்லாம் புதியன அல்ல. நிலக்கொடையைக் கூறும் கல்வெட்டுகள் பல கொடுத்தவன் பெருமையோடு முடிவதில்லை. இவ்வறத்தைக் காத்தவனுடைய அடி என் தலைமேலது எனக் கொடுத்தவனே பணிந்து முடிப்பான். கொடுத்தவன் ஒருநாள் கொடுக்கிறான். காப்பவன் நாள்தோறும் காக்கிறான் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தனர். இன்றைய திறப்பு விழாக் கல்வெட்டில் அத்தொடருக்கு இடமில்லாமற் போயிற்று. நீர்பாய்ச்சும் தொழிலாளியின் பெயரையும் அதில் எதிர்பார்த்தல் மிகையாகலாம். அவர்தம் கூலிக்கு வழி இருந்தாற் போதும்.

சோலைக்குள் எவர் புகலாம் என்னும் வினாவுக்கு மணிமேகலை தரும் விடை ஆழ்ந்து நோக்கத்தக்கது. தண்டியலங்காரம் பெருங்காப்பிய உறுப்புகளுள் பொழிலாடலையும் புனலாடலையும் வைத்தெண்ணும். ஆனால், சாத்தனார் பொழிலை இன்பக் களமாக மட்டும் காணவில்லை. மலர்வனம் புக்க காதையில் மணிமேகலை பூப்பறிக்கச் செல்ல வேண்டும். எச்சோலைக்குச் செல்வது எனச் சுதமதி ஒவ்வொன்றாக விலக்கி வருகிறாள். இலவந்திகைக்குச் சென்றால் அங்கு அரசன் சுற்றத்தார் இருப்பர். உய்யானம் தேவர்க்கு உரியது, பூதம் காப்பது. சம்பாதி வனமும் கவேர வனமும் தெய்வக் காவலால் அணுகற்கு அரியன. எஞ்சியது உவவனம். அங்குச் சென்ற பின்னரும் உதயகுமரன் தொடர்ந்து வருகிறான். மணிமேகலை பளிக்கறையுள் புகுந்து கொள்ள நேர்கிறது. புகார் நகரத்துச் சோலைகளைப் பற்றி இதனினும் நுண்ணிய சான்று நமக்குக் கிடைத்திலது. ஓர் இளம்பெண் அச்சமின்றி உலவத்தக்க சோலை அப்பெருநகரில் ஒன்றேனும் இல்லை! அந்தி சாய்ந்தபின் நம் பூங்காக்களில் எரியாத விளக்குகளைக் காணுந்தோறும் சுதமதியின் பேச்சு நினைவுக்கு வருகிறது.

அக்காப்பியத்தின் மற்றொரு காதை கோவைக்கு நேராகவே பொருந்துவது. சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை, சோழன் தன் தேவியோடு பொழிலில் உலவுவதில் தொடங்குகிறது. மயிலும் குயிலும் வண்டும் கண்டு மகிழும் அவனிடத்து, சிறைப்பட்டோரின் பசியைப் போக்கிய ஒருத்தியின் செய்தி வந்து சேர்கிறது. சிறையை அறக்கோட்டமாக்க வேண்டும் என அவள் கேட்க, அரசன் இசைகிறான். அரசனின் பொழிலையும் குற்றவாளியின் சிறையையும் ஒரே காதையில் எதிரெதிரே நிறுத்தியது தற்செயல் என யாம் எண்ணவில்லை.

கோவை நடுவண் சிறை 1872-இல் எழுந்தது. 2010-இல் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கோவையில் நிகழ்ந்தபோது, சிறைநிலத்தில் செம்மொழிப் பூங்கா அமையும் என அறிவிக்கப்பெற்றது. அடிக்கல் நாட்டியது 2023 டிசம்பரில். 45 ஏக்கர்ப் பரப்பில் பணி முடிந்து திறந்தது 2025 நவம்பரில். அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையே 15 ஆண்டுகள் கழிந்தன. சிதம்பரனார் செக்கிழுத்த சிறையின் நிலத்தில் சங்க இலக்கியச் செடிகொடிகள் வளர்கின்றன என்பதைக் காண்கையில் தமிழ் பயின்றோர் உள்ளம் நெகிழாதிராது. எனினும், காப்பியத்தில் அறக்கோட்டத்துக்கு வற்றாத அமுதசுரபி கிடைத்தது. மாநகராட்சிக்கு அது கிடையாது. பெருஞ்செலவில் ஆக்கிய பூங்காவை நாள்தோறும் பேணும் செலவு பெரிது. அதனை நுழைவுக் கட்டணத்தால் ஈடுசெய்யப் புகின், கட்டணம் உயருந்தோறும் பூங்கா இலவந்திகையாகிவிடும்.

தமிழ்த் துறையினர்க்கும் இங்கு ஒரு காவற்பணி உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களுள் பலவற்றை இன்னதெனத் துணிதல் எளிதன்று. பி.எல்.சாமி 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' எழுதித் தெளிவித்தன பல. தெளியாதன இன்னும் உள. செருந்தி என்னும் பெயர் மரம் ஒன்றையும் கோரை ஒன்றையும் குறிக்கும். பூங்காவில் மரத்தின்மேல் அப்பெயரைத் தொங்கவிட்டால், நீர்நிலைக் கரையில் செருந்தியைக் காட்டும் பாடலைப் பயிலும் மாணாக்கர் மயங்குவர். நீலக்குறிஞ்சி உயர்மலைக்கு உரியது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் உள்ள கோவையில் அதனை நட்டு வளர்த்தல் அரிது. அவ்விடத்தில் வேறொரு செடியை நட்டுக் குறிஞ்சி எனப் பெயரெழுதுவதினும், மூணாற்று மலையில் 2018-இல் பூத்தது மீண்டும் 2030-இல் பூக்கும் எனப் பலகையில் எழுதி வைத்தல் நன்று.