ரொக்கம் யாருடையது? சுபிக்ஷாவின் வீழ்ச்சியைக் கொள்முதல் சீட்டிலிருந்து வாசித்தல்

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடைகள் ஏறக்குறைய முழுவதுமாக முடங்கிக் கிடந்தபோது, மளிகைக் கடைச் சங்கிலியான சுபிக்ஷாவின் நிறுவனர் ஆர். சுப்பிரமணியன் தந்த விளக்கம் மிகச் சுருக்கமானது. கையில் ரொக்கம் தீர்ந்துவிட்டது. 300 கோடி ரூபாய் கிடைத்தால் கடைகளை மறுபடி ஓட்டலாம். அதன் பிறகு வந்த மேலாண்மை ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த விளக்கத்தையே விரித்து எழுதியவை. வேகமாக வளர்ந்தார்கள், பங்கு முதல் போதாமல் கடனை நம்பினார்கள், 2008இன் உலக நெருக்கடியில் கடன் வறண்டது, கடைகள் மூடின. இந்த வரிசையில் எந்தக் கண்ணியும் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘ரொக்கம் தீர்ந்தது’ என்பது கடன்பட்டவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொண்ட நோய்க்குறிப்பு. ஆய்வாளர்கள் அதை மருத்துவரின் சான்றாக எடுத்துக்கொண்டார்கள் என்பதே என் முரண்பாடு.

அந்த 300 கோடியை முதலில் பார்ப்போம். 2008 செப்டம்பர் வாக்கில் கடைகளின் எண்ணிக்கை 1,600ஐத் தாண்டியிருந்தது. 300 கோடியை 1,600ஆல் வகுத்தால் கடைக்கு 18 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். சுபிக்ஷாவின் கடை எப்படியிருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்: குடியிருப்புத் தெருவில் வாடகைக்கு எடுத்த சிறிய இடம், குளிர்சாதனம் இல்லை, அலங்காரம் இல்லை, வேகமாக விற்கும் பொருள்கள் மட்டும். மளிகை, மருந்து, பிற்காலத்தில் கைபேசி ஆகியவற்றைச் சேர்த்தால், அந்தத் தொகை அத்தகைய கடையின் அலமாரிகளைப் புதிதாக நிரப்பும் செலவுக்குக் கிட்டத்தட்ட ஈடாகும். இது என் மதிப்பீடுதான். கடைக்குக் கடை மாறும். ஆனாலும் அந்தக் கோரிக்கை இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் சொல்கிறது. பழைய சரக்கின் மதிப்பு சுழியமாகிவிட்டது என்பது ஒன்று. பழைய சரக்கைக் கொடுத்தவர்களின் பாக்கிக்கு அதில் இடமில்லை என்பது மற்றொன்று. ஒரு பணமுடையை விளக்கும் கூற்றாக வாசிக்கப்பட்ட வாக்கியம், என் வாசிப்பில், சரக்கும் இல்லை, சரக்குக் கொடுத்தவருக்குப் பதிலும் இல்லை என்ற ஒப்புதல்.

வங்கிக் கடனையும் இதே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். 13 வங்கிகளுக்கு ஏறத்தாழ 750 கோடி ரூபாய் பாக்கி என்று அன்று பேசப்பட்டது. கடைக்குச் சுமார் 47 லட்சம். பங்கு முதல் இதற்கு வெளியே. வாடகைக் கட்டடத்தில், வெறும் இரும்பு அலமாரியும் குழல்விளக்கும் கொண்ட கடையில், 47 லட்சம் எந்த வடிவத்தில் தங்கியிருக்க முடியும்? வாடகை முன்பணம், கணினி, தொடக்க நட்டம் எல்லாவற்றையும் தாராளமாகக் கழித்த பிறகும் பெரும் பகுதி சரக்காகத்தான் இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்பதே கேள்வி.

இங்கே சுபிக்ஷாவின் கொள்முதல் முறைக்கு வர வேண்டும். 1997இல் திருவான்மியூரில் முதல் கடை திறந்த நாளிலிருந்து அதன் பலம் விற்பனையில் இருந்ததைவிடக் கொள்முதலில்தான் இருந்தது. மற்றவர்கள் தவணை கேட்ட இடத்தில் சுபிக்ஷா உடனுக்குடன் பணம் கொடுத்தது. அதற்குக் கூடுதல் தள்ளுபடி வாங்கியது. அதில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்குக் கொடுத்தது. மளிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சேரப்பணஞ்சேரியைச் சுற்றியுள்ள கடைகளில் இன்றும் இதே நடைமுறைதான். ஏஜென்சி வண்டி வந்து நின்றால் ரொக்கத்துக்கு ஒரு விலை, பாக்கிக்கு ஒரு விலை. தொழிற்சாலைப் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கும் ஊர் இது. சம்பளம் வரும்வரை கடைக்காரர் அவர்களுக்குக் கடன் கொடுக்கிறார். ஏஜென்சி அவருக்குக் கடன் கொடுக்கிறது. ஆகவே ரொக்க விலை அவருக்கு எட்டுவது அபூர்வம். அந்த எட்டாத விலையைப் பெருமளவில் எட்டிப்பிடித்ததுதான் சுபிக்ஷாவின் உண்மையான கண்டுபிடிப்பு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் ரொக்க விலையின் கணக்கு மிகக் கறாரானது. 100 ரூபாய்ச் சரக்கை ரொக்கத்துக்கு 98 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொள்வோம். அந்த 98 ரூபாய் ஆண்டுக்கு 15 விழுக்காட்டு வட்டிக்கு வாங்கிய பணமானால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 காசு தேய்கிறது. 50ஆம் நாளில் அந்த 2 ரூபாய்த் தள்ளுபடி கரைந்துவிடும். பணத்தின் விலை 24 விழுக்காடானால் 31 நாள்தான். அதற்குள் சரக்கு விற்று, அதே பணம் அடுத்த வண்டிக்குப் போக வேண்டும். தள்ளுபடியில் பாதியை வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டால் இந்த நாள்களும் பாதியாகும். அரிசியும் எண்ணெயும் இந்தக் கெடுவுக்குள் நகர்ந்துவிடும். கடையில் அரிதாகக் கேட்கப்படும் மருந்தும், மாதத்துக்கு ஒரு மாதிரி பழசாகிப்போகும் கைபேசியும் நகராது. ரொக்கக் கொள்முதல் வேகமான சரக்குக்காகப் பிறந்த முறை. மெதுவான சரக்கை அதனுள் கொண்டுவந்து அடைத்தது நிர்வாகம் தெரிந்தே செய்த தவறு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை முந்தைய ஆய்வுகள் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. புதுக் கடை திறக்கும்போது அலமாரியை நிரப்பும் முதல் சரக்கு ஒருபோதும் பணமாகத் திரும்பாது. விற்ற இடத்தை மறுபடி நிரப்பித்தான் ஆக வேண்டும். கடையை மூடும்வரை அந்தப் பணம் அங்கேயே கிடக்கும். பெயருக்கு அது நடப்புச் சொத்து. நடைமுறையில் கட்டடச் சுவரைப் போல நிலைத்தது. பாக்கிக்கு வாங்கும் சங்கிலியில் இந்த முதல் நிரப்பு ஏஜென்சிகளின் பணம். ரொக்கத்துக்கு வாங்கும் சங்கிலியில் அது முழுவதும் தன் பணமாகவே இருக்க வேண்டும். 2006 செப்டம்பரில் சுமார் 150 கடை. இரண்டே ஆண்டுகளில் 1,600க்கு மேல். புதிதாகத் திறந்த ஏறத்தாழ 1,450 கடைகளின் முதல் நிரப்பைக் குறுகிய காலக் கடனில் ரொக்கம் கொடுத்து வாங்க எந்தக் கணக்கும் இடம் தராது. ஒன்று விரிவாக்கத்தை நிறுத்தியிருக்க வேண்டும். அல்லது ரொக்க முறையைக் கைவிட்டிருக்க வேண்டும். சுபிக்ஷா இரண்டாவதைச் சொல்லாமல் செய்தது. 2008இன் பிற்பகுதியில் விநியோகஸ்தர்களின் பாக்கி ஏறியது. பெரிய நுகர்பொருள் நிறுவனங்கள் சரக்கை நிறுத்தின. ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது.

இந்தச் சொல்லாத மாற்றம்தான் என் வாதத்தின் மையம். பத்தாண்டுக்கும் மேலாக உடனுக்குடன் பணம் கொடுத்த பெயர் ஒரு சொத்து. அதை நம்பி ஒரு ஏஜென்சிக்காரர் முதன்முறையாக ‘அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன்’ என்று சரக்கை இறக்கிவிட்டுப் போகிறார். அந்த வாரத்திலிருந்து அவர் கடன் கொடுத்தவர் ஆகிவிட்டார். ஆனால் வங்கியைப் போல அவர் இருப்பைப் பார்க்கவில்லை, ஈடு வாங்கவில்லை, வட்டி பேசவில்லை. வாங்குபவருக்குத் தன் கையிருப்பு தெரியும், விற்பவருக்குத் தெரியாது. கொடுக்க வழியில்லை என்று தெரிந்தபின் பழைய பெயரைக் காட்டி வாங்கிய சரக்கை ‘பணமுடை’ என்ற சொல்லால் மூடுவது சரியல்ல. எந்தத் தேதியில் அந்த அறிவு வந்தது என்பதை நிறுவாதவரை மோசடி என்ற சட்டச் சொல்லை நான் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தவும் இல்லை. அந்தத் தேதியைத் தேடாமலேயே பணமுடை என்ற முடிவுக்கு வந்ததும் அதே அளவு ஆதாரமற்றது.

தேதியைத் தேட முடியாமல் போனதற்கும் காரணம் உண்டு. காவலர்களுக்குச் சம்பளம் போகாததால் காவல் விலக, கடைகள் சூறையாடப்பட்டன என்று நிறுவனத் தரப்பு சொன்னது. முந்தைய ஆய்வுகள் இதை வீழ்ச்சியின் ஒரு சோகக் காட்சியாக விவரிக்கின்றன. நான் இதைக் கணக்கியல் நிகழ்வாக வாசிக்கிறேன். சரக்கு இருந்தது, திருடு போனது என்பதும், சரக்கே இல்லை என்பதும் பூட்டிய கடையின் வெற்று அலமாரியில் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரே வழி திருட்டுக்கு முந்தைய நாளின் இருப்புக் கணக்கு. அந்தக் கணக்கின் மீதுதான் முதலீட்டாளருக்கும் நிறுவனருக்கும் பகிரங்கமாகத் தகராறு எழுந்தது. ஐசிஐசிஐ வென்ச்சர் 2000 வாக்கிலிருந்தே பங்குதாரர். 23 விழுக்காடு வரை வைத்திருந்தது. 2008இல் அசிம் பிரேம்ஜியின் சாஷ் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அதனிடமிருந்து 10 விழுக்காட்டை 230 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதாவது மொத்த நிறுவனத்துக்கு 2,300 கோடி மதிப்பு. ஓராண்டுக்குள் அதே நிறுவனத்தின் அலமாரியில் சோப்புக்கட்டி இல்லை. கைதேர்ந்த முதலீட்டாளர்களுக்கே உள்ளிருப்பு தெரியவில்லை என்றால், விநியோகஸ்தருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று வாதிடுவது வீண்.

2023 நவம்பரில் வந்த தீர்ப்பை இந்த இடத்தில் வைத்து வாசிக்க வேண்டும். சுப்பிரமணியன் தொடர்புடைய விஸ்வப்பிரியா நிதி நிறுவனம் 587 முதலீட்டாளர்களிடம் வாங்கிய சுமார் 137 கோடி ரூபாயைத் திருப்பித் தராத வழக்கில், முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் செயல்படும் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. வைப்பாளர்களின் பணம் சுபிக்ஷா உள்ளிட்ட தொடர்புடைய நிறுவனங்களுக்குத் திருப்பப்பட்டது என்பது அரசுத் தரப்பின் வழக்கு. இது விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு. வைப்புத் தொகை பற்றியது. மளிகைக் கடையின் கொள்முதல் பற்றியது அல்ல. ஆகவே இதிலிருந்து 2008இன் விநியோகஸ்தர் பாக்கி பற்றி நேரடியாக எதையும் உய்த்துணரக் கூடாது. ஆயினும் ஒரு கேள்விக்கு இது கதவைத் திறக்கிறது. ரொக்கக் கொள்முதலுக்கான ரொக்கம் யாருடையது? ஓய்வூதியப் பணத்தை வட்டிக்காகக் கொடுத்த ஒருவரின் தொகை கடைக்குள் வந்திருந்தால், பருப்பில் கிடைத்த தள்ளுபடி அவருடைய முதலிலிருந்து போனது. அப்படியானால் குறைந்த விலை திறமையின் பலன் என்ற முந்தைய ஆய்வுகளின் பாராட்டு, குறைந்தது கடைசி ஆண்டுகளைப் பொறுத்தவரை, மறுபரிசீலனைக்கு உரியது.

உலக நெருக்கடிதான் காரணம் என்ற மறுப்பை நீட்டிப் பேசத் தேவையில்லை. 2008இல் மக்கள் அரிசி வாங்குவதை நிறுத்தவில்லை. ரொக்கக் கொள்முதல் முறையே குறையுடையது என்ற மறுப்பும் நிற்காது. டிமார்ட் 2002இல் தொடங்கி அதே கொள்கையில், சப்ளையர்களுக்கு விரைந்து பணம் கொடுத்துத் தள்ளுபடி வாங்கித்தான் வளர்ந்தது. 2017 மார்ச்சில் அதற்கு 131 கடைகள். பதினைந்து ஆண்டுகளில் 131. முதல் நிரப்பைத் தன் பணத்தில் செய்பவரின் வேகம் அவ்வளவுதான்.

கொள்முதல் பக்கத்தில் உண்மை புதைவது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2014இல் பிரிட்டனின் டெஸ்கோ, சப்ளையர்களிடமிருந்து வரவேண்டிய தொகைகளை முன்கூட்டியே வருமானமாக எழுதிக்கொண்டதில் 26.3 கோடி பவுண்டு லாபம் மிகைப்படுத்தப்பட்டிருந்தது. சப்ளையர்களுக்குச் சேரவேண்டிய பணத்தை வேண்டுமென்றே தாமதித்தது என்று அங்குள்ள மளிகை நடத்தைவிதி நடுவர் 2016இல் முடிவு கூறினார். நடுவரின் கையில் கேட்டுப் பெறும் அதிகாரம் இருந்தது. சப்ளையர்களின் கடிதங்கள் சான்றாயின. அப்படியொரு நடுவர் இங்கே இல்லை.

இங்கே இருப்பது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். அதன்படி சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் சேர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் நிறுவனத்திடம் வாங்கிக் கடைக்குக் கொடுக்கும் விநியோகஸ்தர் வணிகர். 2021இல் வணிகர்களையும் பதிவில் சேர்த்தபோதும் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். தாமதப் பாக்கிக்கான பாதுகாப்பு அவர்களுக்கு வரவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் சுபிக்ஷாவைக் கலைக்க உத்தரவிட்டபோது நடைமுறையில் இருந்த 1956ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தின் வரிசையிலும் ஈடுள்ள வங்கியும் தொழிலாளரும் முதலில், வரி முதலியவை அடுத்து, ஈடில்லாத விநியோகஸ்தர் அதற்கும் பின்னால். சரக்கைக் கொடுத்த கை வரிசையின் கடைசியில் நிற்கிறது. ஆய்வுகளிலும் அதற்கு அதே இடம்தான்.

இந்த வாசிப்பை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ கூடிய சான்று நிறுவனத்தின் கணக்கேடுகளில் இல்லை; அவைதாம் தகராறுக்கு உரியவை. சரக்கை இறக்கியபோது கடை முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கி ஏஜென்சிகள் வைத்துக்கொண்ட பில் நகல்களே நிறுவனத்துக்கு வெளியே எழுதப்பட்ட ஒரே இருப்புப் பதிவு. எந்த வாரத்தில் ரொக்க பில் நின்று பாக்கி பில் தொடங்கியது, அதன் பிறகு எத்தனை வாரம் சரக்கு இறங்கியது என்பதைப் பகுதி பகுதியாக அவற்றிலிருந்து கட்ட முடியும். கடன் வழக்குக்கான கால வரம்பு 3 ஆண்டு. அது கடந்தபின் அந்தக் கட்டுகளைக் கிடங்கில் அடைத்து வைத்திருக்க எந்த விநியோகஸ்தருக்கும் காரணம் இல்லை. எஞ்சியிருப்பவற்றையாவது, பழைய பேப்பர் கடைக்குப் போகும் முன், யாரேனும் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.