கடனும் காலமும்: தொண்டை நாட்டுச் சிறு குடியானவரும் ஐக்கிய நாணய சங்கமும்

தொண்டை மண்டலம் ஆற்று நீரினும் ஏரி நீரையே பெரிதும் நம்பி வாழும் நாடு என்பது யாவரும் அறிந்ததே. காஞ்சிமாநகருக்கு மேற்கே, பெங்களூர் செல்லும் பெருவழியில் உள்ள தாமல் கிராமமும் அதன் பேரேரியும் இதற்குத் தக்க சான்றாகும். பண்டைத் தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று தாமற் கோட்டம் எனவே பெயர் பெற்றிருந்தது. ஏரி நிரம்பினால் சம்பாவும் நவரையும் விளையும். நிரம்பாவிடின் கடனே விளையும். ஆயினும் ஏரி நிரம்பிய ஆண்டிலும் சிறு குடியானவர் கடனினின்று மீளாதிருப்பது ஏன்? நம் சங்கத்துக் குடும்பங்களிற் பல ஓரிரண்டு ஏக்கர் நன்செய்யைக் கொண்டே காலங் கழிப்பவையாதலின், இவ்வினாவை நம் அன்பர்கள் சற்று ஆழ்ந்து சிந்தித்தல் நலம்.

அறுவடைக் காலத்தை நோக்குவோம். ஊரார் யாவருடைய நெல்லும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் களத்துக்கு வருகின்றது. அறுப்புக் கூலி, கிஸ்தி, விதைக்கும் எருவுக்கும் வாங்கிய கைமாற்று, புரோநோட்டின் தவணை ஆகிய யாவும் அவ்வமயமே வாயிலில் வந்து நிற்கின்றன. விற்பவர் பலர், வாங்குபவர் சிலர். ஆகவே விலை தாழ்கின்றது. சில மாதங்கள் சென்று விலை ஏறும்பொழுது நெல் குடியானவர் வீட்டில் இல்லை, வியாபாரியின் கிடங்கில் இருக்கின்றது. அதே குடியானவர் உண்பதற்கு அரிசியை ஏறிய விலைக்கு வாங்கும் பரிதாபத்தையும் காண்கின்றோம். எனவே அவருக்கு வேண்டுவது குறைந்த வட்டி மாத்திரமன்று. விலை ஏறுமளவும் பொறுத்திருக்கக் காலமும் வேண்டும். இவ்வுண்மையை நம் நாட்டு ஐக்கிய இயக்கத்தின் சரித்திரம் நன்கு விளக்குகின்றது.

பொதுப் பணத்தைப் பலர் கூடிப் பரிபாலித்தல் நம் பக்கத்துக்குப் புதியதன்று. உத்திரமேரூர்ச் சபையார் முதற்பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையைக் கல்லில் வெட்டுவித்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனத் தனித்தனி வாரியங்கள் அங்கிருந்தன. அவ்வூர் வயிரமேக தடாகத்தைத் தூர் வாருவதற்கென அறக்கட்டளை வைக்கப்பெற்று, அதன் பொலிசையாகிய வட்டியினால் ஆண்டுதோறும் வேலை நடைபெற்றமையை அதற்கும் முந்திய பல்லவர் காலச் சாசனங்கள் கூறுகின்றன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் பின்னர்க் குடவோலைக்கு அருகரல்லர் என்ற விதி மிகவும் போற்றத்தக்கது. ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. பொதுவாகக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையார்க்கே அங்கு இடமிருந்தது. உழுது பாடுபட்ட எளியோர்க்கு அச்சபையில் குரலில்லை.

கும்பினி ஆட்சிக்குப் பின்னர் நிலவரி பணமாகவே தண்டப்பெற்றது. வரிக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு நெல்லை உடனே விற்க வேண்டும். அல்லது லேவாதேவிக்காரரிடம் செல்ல வேண்டும். நகரங்களில் 1872-ல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பர்மனெண்ட் நிதி போன்றவை உத்தியோகஸ்தர்க்கும் வீட்டுடையார்க்கும் உதவின. கிராமத்துக் குடியானவரோ அவற்றின் வாயிலை அணுகவும் இயலாதவராயினர். இந்நிலையில் சென்னை அரசாங்கத்தார் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் சிவில் உத்தியோகஸ்தரை ஐரோப்பாவின் விவசாய வங்கிகளை ஆராயுமாறு 1892-ல் நியமித்தனர். அவருடைய அறிக்கை 1895, 1897 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்னும் பெரியார் அமைத்த கிராமச் சங்கங்களே இந்நாட்டுக்கு ஏற்றவை என்பது அதன் முடிவு. ஒருவரையொருவர் நன்கறிந்த அயலார் ஒன்றுகூடி, ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பேற்பது அம்முறையின் உயிர்நிலையாகும்.

1904 ஆம் ஆண்டு ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயிகளின் நாணய சங்கமும், அக்டோபர் மாதத்தில் காஞ்சிபுரத்தில் நகர நாணய சங்கமும் பதிவு செய்யப்பட்டன. இந்தியாவிலேயே அவ்வவ்வகையில் முதலாவன எனப் போற்றப்படும் இவ்விரண்டும் நம் தொண்டை நாட்டில் தோன்றியவை என்பது நாம் பெருமையுறற்பாலது. ஒரே ஊராரோ, பதிவாளரின் இசைவு பெற்று ஒரே வகுப்பினரோ, பதின்மர் கூடினால் சங்கம் அமைக்கலாம் என்று அச்சட்டம் விதித்தது. இவ்விரண்டனுள் ஊர்ச் சங்கமே உழவர்க்கு ஏற்றதென்பது எம் கருத்து. ஏரியின் மதகு சாதி பார்த்துத் திறப்பதன்று. விலை வீழ்ச்சியும் அவ்வாறே.

எனினும் அச்சட்டம் கடன் கொடுத்தலுக்கு மாத்திரமே வழி செய்தது. விளைபொருள் விற்பனைக்கும் பிறவற்றுக்கும் சங்கங்கள் அமைக்க 1912 ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்தது. அதன் பின்னரும் விற்பனைச் சங்கங்கள் மெல்லவே வளர்ந்தன. இக்குறையின் பலன் 1929-க்குப் பின் உலகெங்கும் நேர்ந்த விலை வீழ்ச்சியில் வெளியாயிற்று. சில ஆண்டுகளுக்குள் நெல் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. பர்மா அரிசியின் போட்டியும் உடன் சேர்ந்தது. ஓர் உதாரணத்தால் இதன் கொடுமை விளங்கும். மூட்டை நான்கு ரூபாய் விற்கும்பொழுது 100 ரூபாய் கடன் வாங்கியவர் 25 மூட்டை நெல்லுக்குக் கடன்பட்டவர் ஆவார். விலை இரண்டு ரூபாயாகத் தாழ்ந்தால் அவர் 50 மூட்டை அளக்க வேண்டும். புரோநோட்டில் ஓரெழுத்தும் மாறவில்லை, கடனோ இரட்டித்தது. வட்டி குறைவாயினும் சங்கக் கடனுக்கும் இதே கதிதான். தவணை தவறிய கடன்கள் குவிந்தன. சங்கங்கள் பல செயலற்றன.

1935-ல் சத்தியநாதன் அளித்த அறிக்கை சென்னை ராஜதானியின் விவசாயக் கடனைச் சுமார் 200 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இராஜாஜி மந்திரிசபை 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றிற்று. 1932 அக்டோபர் 1-க்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி தள்ளுபடியாயிற்று. முதலுக்கு இருமடங்கு செலுத்தியவர் கடன் தீர்ந்தவராயினர். பழைய சுமை இறங்கியது உண்மையே. ஆயினும் அடுத்த சாகுபடிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற வினாவுக்கு அச்சட்டத்தில் விடையில்லை. இந்தியா முழுவதையும் தழுவிய கிராமக் கடன் ஆராய்ச்சியின் அறிக்கை 1954-ல் வெளிவந்தது. உழவர் பெற்ற கடனில் ஐக்கிய சங்கங்களின் பங்கு 100-க்கு 3 அளவே எனவும், லேவாதேவிக்காரர் பங்கு 100-க்கு 70 அளவு எனவும் அது காட்டிற்று. கடனையும் விற்பனையையும் கிடங்கையும் ஒன்றாக இணைத்தாலன்றி இயக்கம் உருப்படாது என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

இந்நாளில் நிலைமை பலவாறு திருந்தியுள்ளது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தவணை தவறாது செலுத்துவோர்க்குப் பயிர்க்கடனை வட்டியின்றி அளிக்கின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் குறித்த விலைக்கு நெல்லை ஏற்கின்றன. நெல்லைக் கிடங்கில் ஈடாக வைத்து அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கடனாகப் பெறும் தானிய ஈட்டுக் கடனும் உண்டு. குடியானவர்க்குக் காலத்தை வாங்கித் தரும் கடன் இதுவே. எனினும் நம்மவர் பயிர்க்கடனை அறிந்த அளவு இதனை அறியார். 2006, 2016, 2021 ஆம் ஆண்டுகளில் தமிழக அரசு கூட்டுறவுக் கடன்களைத் தள்ளுபடி செய்தது. 2021-ல் மாத்திரம் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கடன் நீங்கிற்று. நொந்தவர்க்கு அது பேருதவியே. ஆயினும் நாணயமாகக் கட்டியவர் மனம் வருந்துமாறும், நாளைய தள்ளுபடியை எண்ணி இன்றைய தவணையைக் கைவிடுமாறும் செய்தால், சங்கத்தின் நாணயம் என்னும் பெயரே பொருளிழக்கும். அன்றியும் பட்டா தம் பெயரிலில்லாத குத்தகைதாரரும் வாரக் குடிகளும் சங்கக் கடன் பெறுதல் இன்னும் அரிதாகவே உள்ளது. உத்திரமேரூரில் கால் வேலியில்லாதவர்க்கு நேர்ந்தது வேறோர் உருவில் தொடர்தல் தகுமோ?

ஆதலின் நம் சங்கத்து அன்பர்களுக்கு யாம் விண்ணப்பிப்பது இது. ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் ஆணும் பெண்ணும் அங்கத்தினராகுங்கள். பொதுப் பேரவைக்குத் தவறாது சென்று கணக்கைக் கேளுங்கள். கணக்குக் காட்டாதவர் பதவிக்கு அருகரல்லர் என்ற முன்னோர் விதியை வாக்களிக்கும்பொழுது நினையுங்கள். தொகை நிரப்பாத புரோநோட்டில் எவர்க்கும் கையெழுத்திடாதீர்கள். நிலமில்லாது உழும் அயலார்க்கும் கடன் கிடைக்கும் வழியைப் பேரவையில் வற்புறுத்துங்கள். அறுவடையானதும் நெல் முழுவதையும் களத்திலேயே விற்றுவிடாது, ஒரு பகுதியையேனும் கிடங்கில் வைத்து ஈட்டுக் கடன் பெற்று உடனடிச் செலவைச் சமாளியுங்கள். ஏரியின் கரை நீரைக் காப்பது அது வேண்டும் நாள்வரை தேக்கி வைப்பதற்கேயன்றோ? நெல்லுக்கும் அத்தகைய கரை ஒன்று வேண்டும். அதனை ஒருவர் தனித்துக் கட்டுதல் இயலாது. ஊர் கூடினால் இயலும்.