அரை மணி நேரத்தில் கடல்

பாட்டிக்கு எண்பது வயது. கோயிலில் அர்ச்சனை பண்ணி, வீட்டில் கேக் வெட்டினால் போதும் என்றார் அம்மா. சித்தப்பா கேட்கவில்லை. கோலக் கெடாவில் பெரிய கடலுணவு ரெஸ்டாரண்ட் ஒன்றில் மேசை போட்டுவிட்டார். குளிரூட்டிய அறை, சுழலும் கண்ணாடித் தட்டு, வாசல் தொட்டியில் உயிர் நண்டும் சியாக்காப்பும், அதாவது நம் கொடுவாவும். பாட்டி தொட்டி முன்னால் நின்று விலையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "நூறு கிராமுக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டு விரல் மடக்கி எதையோ கணக்குப் போட்டார். அது என்ன கணக்கு என்று அன்று எனக்குப் புரியவில்லை.

பாட்டி பால் வெட்டிய தோட்டம் பீடோங் பக்கம். அங்கிருந்து கோத்தா கோலா மூடாவுக்கு இன்று காரில் அரை மணி நேரம். மீனைக் கரையிறக்கியதும் ஏலக்காரர் காதில் ரகசியமாக விலை சொல்லி வாங்கும் 'பாசார் பீசிக்' இருக்கும் ஊர் அது. கடல் இவ்வளவு கிட்டே. ஆனாலும் லயத்தில் பிறந்த மூன்று தலைமுறைக்கும் மீன் என்றால் கருவாடுதான். ஏன்?

கடாரம் என்றதும் நம்மாட்களுக்கு 1025, ராஜேந்திர சோழன், கப்பற்படை எல்லாம் ஞாபகம் வந்துவிடும். பூஜாங் பள்ளத்தாக்குக்கு ஒரு செல்ஃபியும் உண்டு. நம்மில் பெரும்பாலோரின் கொள்ளுத் தாத்தா வந்த கப்பல் வேறு. மேல்தளப் பயணியாக வந்து, தனிமைப்படுத்தும் முகாமில் நாள் எண்ணி, கங்காணியின் பின்னால் தோட்டத்துக்கு நடந்தவர் அவர்.

சம்பளத்தைப் பார்ப்போம். 1928-ல் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயித்த ஒருநாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை விழுந்ததும் 1930-ல் அது 40, 32 என்று இறங்கியது. 1936 இறுதியில் இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி வந்து பார்த்துவிட்டு, பழைய 50-40ஐத் திருப்பித் தரச் சொன்னார். ஒரு ஆள் என்ன தின்று, என்ன உடுத்தி உயிர் வாழலாம் என்று பட்ஜெட் போட்டுத்தான் இந்தக் கூலியை முடிவு செய்தார்கள். பெண்ணின் பசி ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று எந்த அதிகாரிக்குத் தோன்றியதோ!

காசு ஒரு பக்கம். நேரம் இன்னொரு பக்கம், அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை என்று நினைக்கிறேன். விடியுமுன் பெரட்டு. வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்க வேண்டும், இல்லையென்றால் பால் ஓடாது. பிறகு பால் எடுத்து, ஸ்டோருக்குச் சுமந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மத்தியானம். ஐஸ் இல்லாத காலம். கரையில் காலையில் இறங்கிய மீன் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் வெயில் அதைத் தின்றுவிடும். கருவாடு காத்திருக்கும். கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் சம்பள நாள் வரை அதுவும் காத்திருக்கும்.

ஜப்பான்காரன் காலத்தில் கருவாடே ஆடம்பரமாகிவிட்டது. லயத்தில் மரவள்ளிக்கிழங்கு. சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போனவர்களில் ஏராளமானோர் திரும்பவேயில்லை. போர் முடிந்தபின் இதே கெடாவில்தான் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. அவர்களின் முதல் எதிரி கள்ளுக்கடை. வேலை கொடுக்கும் தோட்டத்திலேயே கள்ளும் விற்றால் கூலி எங்கே போகும்? 1947-ல் பீடோங்கில் அது போலீஸ் மோதல் வரைக்கும் போனது. இதை வெறும் மதுவிலக்குப் பிரச்சாரம் என்று சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அது அடுப்படிச் சண்டையாகத்தான் தெரிகிறது. குடிக்காத அந்தக் காசுதான் பிள்ளையின் தட்டில் குழம்பு.

பிறகு ஒருநாள் பாட்டியிடம் அந்த விரல் கணக்கைப் பற்றிக் கேட்டேன். "நூறு கிராம் நண்டுக்கு எத்தனை நாளு பேரு போடணும்னு பாத்தேன். நண்டுல பாதி ஓடு வேற" என்றார். பேரு போடுவது என்றால் வேலைக்கு வந்த நாளைச் செக்ரோலில் பதிவது.

அன்று மேசையில் பாட்டி நண்டைத் தொடவில்லை. கொடுவாவில் தலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். மெனுவில் 'நாசி கோரெங் இக்கான் மாசின்', கருவாட்டுச் சோறு இருந்தது. நல்ல குராவ் மீன் கருவாடு இப்போது பச்சை மீனைவிட விலை அதிகம். சித்தப்பா சிரித்துக்கொண்டே ஒரு தட்டு சொன்னார். பாட்டி ஒரு வாய் வைத்துவிட்டு, பணியாளருக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்தார்.

"வாசனையெல்லாம் கழுவிப்புட்டாங்கடா."

தட்டை மட்டும் மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டார்.