தாது வருசமும் என் எக்செல் தாளும்

எங்க அம்மாயி பேச்சுக்குப் பேச்சு "தாது வருசப் பஞ்சத்துல அடிபட்ட குடும்பம்" என்பார். தாது வருசம் என்றால் 1876. பஞ்சம் 1878 வரை நீண்டது. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 19,66,995. 1881-ல் 15,99,595. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. செத்தவர்கள் மட்டுமல்ல, ஊரை விட்டுப் போனவர்களும் பிறக்காமலே போன குழந்தைகளும் அந்தக் குறைவுக்குள் இருக்கிறார்கள். 1891-ல் 19,62,591. இருபது வருசம் ஆகியும் பழைய எண்ணைத் தொடவில்லை!

போன மாசம் இந்த வரிசையை 2011 வரை நீட்டப் பார்த்தேன். முடியவில்லை. "சேலம்" என்ற பெயர் மட்டும்தான் அப்படியே இருக்கிறது. நாமக்கல் தாலுகா திருச்சி மாவட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. 1965-ல் தருமபுரி பிரிந்தது. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமானது. 2011-ன் 34,82,056-ஐ 1871-ஓடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. டேபிளை மாற்றிவிட்டுப் பழைய பெயரையே விட்டுவைத்தால் எங்கள் ஆபீசில் திட்டு விழும்.

மாவட்டத்தை விட்டுவிட்டு ஊரைப் பிடித்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர். 1916-ல் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதி வந்தார்கள். 1918-ல் புத்தகமானது. 1930-களில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அதே பல்கலைக்கழகத்திலிருந்து மறுபடி போனார்கள். 1971-ல் மால்கம் ஆதிசேசையா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ்.குஹன் முதலானவர்கள் எண்பதுகளில் போனார்கள். இருவேல்பட்டு அன்றைக்குத் தென்னாற்காடு, இன்றைக்கு விழுப்புரம். மாவட்டம் மாறியும் அந்த ஊரின் கணக்கு அறுபடவில்லை.

இப்படித் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலாபுரம் ஐந்தில் ஒன்றுகூட எங்க பக்கம் இல்லை. பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஏனென்றால் எங்க பக்கம் எண்ண வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. 2001-ல் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்குச் சேலத்தில் 851 பெண்கள், நாமக்கல்லில் 889. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியது சும்மா இல்லை. 2011-ல் 916, 914. ஏறியிருக்கிறது, சந்தோசம். ஆனால் எந்த ஊரில் ஏறியது, எந்த ஊரில் ஏறவே இல்லை? மாவட்டச் சராசரி அதைச் சொல்லாது.

கணக்கெடுப்பில் ஊர்வாரியாகக் குழந்தைகள் எண்ணிக்கை கிடைக்கிறது. சின்ன ஊரில் நாலு குழந்தை கூடினாலே விகிதம் தாறுமாறாக ஆடும். அதனால் பக்கத்து ஊர்களைச் சேர்த்து, 2001-லும் 2011-லும் அதே ஊர்கள்தானா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். ராசிபுரம் தாலுகாவில் பாதி முடிந்திருக்கிறது.